சான்றிதழும் அவர்கள் செய்ததுதான்



போலிப் போர்ப் பொருள்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பதக்கம், வாள், தொப்பிச் சின்னம், லைட்டர், கழுத்தில் தொங்கும் அடையாள வில்லை, கடிதம், நாட்குறிப்பு என்று போரோடு தொடர்புடைய எதையும் இன்று கைப்பேசியிலேயே வாங்கிவிடலாம். அதில் போலி ஏராளம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டு உட்கார்வதற்கு ஒரு சொற்பொழிவு தேவையில்லை. நான் ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். போலிக்காரர் பொருளைச் செய்வதோடு நிற்பதில்லை. அது அசல்தான் என்று நம்பவைக்கும் சான்றையும் அவரே செய்கிறார். வாங்குகிறவர் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சான்றை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார். ஏமாற்று நடப்பது அந்த இடத்தில்தான்.

முதலில், ஏன் போர்ப் பொருள்? பிரிட்டனின் விக்டோரியா சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் ஏற்படுத்தப்பட்ட, அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருது. அது வெறும் வெண்கலம். எடைக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடத் தேறாது. ஆனால் ஏலத்தில் பல லட்சம் பவுண்டுக்குப் போகிறது. அந்த விலை, பின்பக்கம் பொறித்திருக்கும் பெயருக்கும் தேதிக்கும் உரியது. அந்தத் தேதியில் அந்த மனிதர் செய்த காரியத்துக்கு உரியது. உலோகத்துக்கும் கதைக்கும் நடுவே இத்தனை பெரிய விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் போலி முளைக்காமல் இருக்குமா? தங்கத்தைப் போலி செய்தால் உரைகல் காட்டிக்கொடுத்துவிடும். கதையை உரைத்துப் பார்க்கக் கல் ஏது?

போலிகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. முழுக்கப் புதிதாக வார்த்தது ஒன்று. அசலான பொருளில் பெயரை மட்டும் மாற்றியது இன்னொன்று. பொருள் அசல், அதன்மேல் ஏற்றிய வரலாறு மட்டும் பொய் என்பது மூன்றாவது. நான்காவதாக, அசல் பட்டறையில் அசல் அச்சில் அடித்த போலியும் உண்டு.

முதல் ரகத்தைப் பிடிப்பது ஓரளவு எளிது. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு பிரிட்டிஷ் அரசு ஒரு வெண்கலத் தகடு அனுப்பியது. சுமார் 120 மில்லிமீட்டர் விட்டம். பிரிட்டானியா, சிங்கம், இறந்தவரின் பெயர். தியாகத்தில் பெரியவர் சிறியவர் இல்லை என்பதால் பதவி போடவில்லை. பத்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தத் தகட்டுக்கு இன்று போலிகள் உண்டு. அசலின் மேல் களிமண்ணையோ ரப்பரையோ அழுத்தி அச்செடுத்து வார்த்தால் ஆறும்போது உலோகம் சுருங்கும். நகல் அசலைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் வரும். ஒரு அளவுகோல் போதும். அதனால்தான் இணைய விற்பனைப் படங்களில் அளவுகோல் பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டாவது ரகத்துக்குச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மேசைமேல் நான் வைத்திருக்கும் வெள்ளிப் பதக்கத்தைக் கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். 1914–1918 போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 36 மில்லிமீட்டர் விட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. இது லட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்களும் பெற்றார்கள். இதன் உயிர் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரணச் சிப்பாயின் பெயர் இருந்தால் ஒரு விலை. பேர்போன சண்டையில் இறந்த அதிகாரியின் பெயர் இருந்தால் பல மடங்கு விலை. ஆகவே சிப்பாயின் பெயரை அரத்தால் ராவிவிட்டு அதிகாரியின் பெயரைப் பொறிப்பார்கள். ராவிய இடத்தில் விளிம்பு மெலியும். காலிப்பரில் வைத்துச் சுற்றினால் ஒரு இடத்தில் 36, இன்னொரு இடத்தில் அதற்குக் குறைவு என்று காட்டும். நகத்தால் தடவினாலே சில சமயம் பள்ளம் தெரியும். படத்தில் இது தெரியுமா? தெரியாது. விற்பவர் பதக்கத்தின் முகத்தை நான்கு கோணத்தில் படம் போடுவார்; விளிம்பைப் போடமாட்டார்.

வாங்கியவருக்கு இதில் பணம்தான் நஷ்டம். ராவப்பட்ட சிப்பாய்க்கு? அவர் இருந்ததற்கு எஞ்சியிருந்த ஒரே தடயமாகக்கூட அந்த விளிம்பு இருந்திருக்கலாம்.

மூன்றாவது ரகத்துக்கு வியட்நாம் நல்ல உதாரணம். அங்கே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் தாங்கள் இருந்த ஊர், ஆண்டு, ஒரு கிண்டல் வாசகம் ஆகியவற்றைத் தங்கள் ஜிப்போ லைட்டரில் தெருவோரச் செதுக்குக்காரர்களிடம் பொறித்துக்கொண்டார்கள். இன்று அவை சேகரிப்போர் தேடும் பொருள். ஹோ சி மின் நகரத்தின் சுற்றுலாக் கடைகளிலும் இணையத்திலும் குவிந்து கிடக்கும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை போருக்குப் பின் செய்தவை. ஜிப்போ நிறுவனம் லைட்டரின் அடியில் ஆண்டைக் குறிக்கும் கோடுகளை அடித்துவந்தது. 1966இல் பெயருக்கு இருபுறமும் நான்கு நான்கு நேர்க்கோடுகள், ஆண்டுக்கு ஒரு கோடாகக் குறைந்து 1973இல் ஒரே ஒரு கோடு, 1974இலிருந்து சாய்கோடுகள். அமெரிக்கப் படை 1973 மார்ச்சிலேயே வெளியேறிவிட்டது. ஆகவே மேலே "கே சான் 1968" என்று பொறித்த லைட்டரின் அடியில் சாய்கோடு இருந்தால் வழக்கு முடிந்தது.

ஆனால் இந்த விவரம் போலிக்காரருக்கும் தெரியும். 1967இல் செய்த, பொறிப்பு எதுவும் இல்லாத பழைய லைட்டர் ஒன்றை மலிவாக வாங்கி, நேற்று மாலை அதில் "1968" என்று பொறித்தால் என்ன செய்வீர்கள்? லைட்டர் அசல், கோடுகள் சரி, தேய்மானம்கூட உண்மை. பொய்யாக இருப்பது வாசகம் மட்டும். அரைகுறையாகக் கற்றவர் விழுவது இங்கேதான். ஒன்றும் தெரியாதவர் சந்தேகத்தோடு நிற்பார். கோடுகளை எண்ணத் தெரிந்தவர் எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று பணத்தை அனுப்பிவிடுவார்.

ஜெர்மனியின் இரும்புச் சிலுவைப் பதக்கத்துக்கும் இதே கதை. நடுவில் கறுப்பு இரும்பு, சுற்றிலும் இரு பாதியாகச் செய்து பற்றவைத்த வெள்ளிச் சட்டம் என்பது அதன் வழக்கமான அமைப்பு. "காந்தம் ஒட்டினால் அசல்" என்று சொல்லித்தருவார்கள். போலிக்காரர் வீட்டிலும் காந்தம் உண்டு. மேலும் ஜெர்மன் பதக்கங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது; நான்காவது ரகம் அங்கேதான் வருகிறது. 1957இல் மேற்கு ஜெர்மனி, ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தில் போர்க்காலப் பதக்கங்களை அணியச் சட்டப்படி அனுமதித்தது. போர்க்காலத்தில் பதக்கம் செய்த சில பட்டறைகளே அந்தப் புதிய வடிவத்தையும் செய்தன. அப்படியிருக்க, ஸ்வஸ்திகா உள்ள பழைய அச்சில் போருக்குப் பின்னும் யாராவது அடித்திருந்தால்? இந்தக் கேள்வியை வைத்துச் சேகரிப்போர் பல ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள். அச்சில் விழுந்த மயிரிழை விரிசல்கள் எந்த வரிசையில் வளர்ந்தன என்று உருப்பெருக்கியில் பார்த்து முன்பின் கணிக்கும் அளவுக்கு அந்த ஆராய்ச்சி போயிருக்கிறது.

அமெரிக்காவில் இதைவிட நேரடியான சம்பவம். அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானரை விற்பதோ வாங்குவதோ குற்றம். அரசுக்கு அதைச் செய்துகொடுத்த ஒப்பந்த நிறுவனமே 300 பதக்கங்களைக் கூடுதலாக அடித்து வெளியே விற்றது. 1996இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. அந்த 300இல் ஒன்று உங்கள் கையில் இருந்தால் எந்தக் காந்தமும் எந்தக் காலிப்பரும் உங்களுக்கு உதவாது. பொருளை மட்டும் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்க ஓர் எல்லை உண்டு.

இனி இந்தத் துறையின் மாபெரும் ஏமாற்றுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொன்ராட் குயாவ் என்பவர் மேற்கு ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் நாஜிக்காலப் பொருள் வியாபாரி. கிழக்கு ஜெர்மனியிலிருந்து கடத்திவந்த தொப்பி, பதக்கம், சீருடை ஆகியவற்றை விற்றார். அவற்றில் பல அசல்தான். ஆனால் சாதாரணத் தொப்பிக்கு என்ன விலை கிடைத்துவிடும்? ஒரு பிரபலத்தின் கையெழுத்தோடு ஒரு துண்டுச் சீட்டைத் தானே எழுதி அதோடு வைத்தார். விலை எங்கோ போய்விட்டது. முதலில் சான்று எழுதினார், பிறகு கடிதம், பிறகு ஹிட்லர் வரைந்த ஓவியம், பிறகு ஹிட்லர் எழுதிய கவிதை. கடைசியில் ஹிட்லரின் நாட்குறிப்பு, 60 தொகுதிகளுக்கு மேல். தாளைப் பழசாக்கத் தேநீர் ஊற்றினார், அட்டையை அடித்துத் துவைத்தார்.

வாங்கியது ஷ்டெர்ன் வார இதழ். இடையில் நின்றவர் அதன் செய்தியாளர் கெர்ட் ஹைடமன். அவரே நாஜிப் பொருள் பித்தர், நாஜித் தலைவர் கோரிங்கின் பழைய உல்லாசப் படகையே விலைக்கு வாங்கி வைத்திருந்தவர். நாட்குறிப்பு எப்படித் தப்பிப் பிழைத்தது என்பதற்கு ஒரு கதை வேண்டுமல்லவா? 1945 ஏப்ரலில், ஹிட்லரின் உடைமைகளை ஏற்றிக்கொண்டு பெர்லினிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்று கிழக்கு ஜெர்மனியின் ஒரு கிராமத்தருகே விழுந்து எரிந்தது. அது உண்மையான விபத்து. ஹைடமன் அந்தக் கிராமத்துக்கே போனார். விமானத்தில் இறந்தவர்களின் கல்லறைகளைக் கண்ணால் பார்த்தார். அவருக்கு அதுவே போதுமாயிற்று. விபத்து உண்மை, கல்லறை உண்மை. ஆகவே நாட்குறிப்பும் உண்மை! இந்தத் தாவலை நன்றாக நினைவில் வையுங்கள். எல்லா நல்ல போலியும் ஒரு உண்மையின் தோளில்தான் ஏறி உட்காரும்.

ஷ்டெர்ன் சோதிக்காமல் இல்லை. கையெழுத்து நிபுணர்களிடம் கொடுத்தது. "இரண்டும் ஒருவர் எழுதியவைதான்" என்றார்கள் நிபுணர்கள். அவர்கள் சொன்னது ஒருவகையில் சரி. ஒப்பிட்டுப் பார்க்க ஹிட்லரின் கையெழுத்து என்று அவர்களுக்குக் கொடுத்த மாதிரிகளிலேயே குயாவ் எழுதியவை கலந்திருந்தன! குயாவின் கைவண்ணத்தை உரசிப்பார்க்க வைத்த உரைகல்லும் குயாவின் கைவண்ணம். அதற்கு முன்பே ஒரு கல்விசார்ந்த நூலிலும் அவருடைய சரக்கு ஏறிவிட்டது: 1980இல் வெளிவந்த ஹிட்லரின் ஆரம்பகால எழுத்துத் தொகுப்பில் குயாவ் புனைந்த பல ஆவணங்கள் அசலென்று அச்சாகியிருந்தன.

ஹிட்லரின் கடைசி நாட்களைப் பற்றி நூல் எழுதிய பெரிய வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர், வங்கிப் பெட்டகத்தில் குவித்துவைத்திருந்த தொகுதிகளைப் பார்த்து, இவ்வளவையும் யார் உட்கார்ந்து போலியாக எழுதப்போகிறார்கள் என்று நம்பிவிட்டார். அட்டையில் ஒட்டியிருந்த முதலெழுத்தில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்' இருந்தது. அதையும் ஏதோ சமாதானம் சொல்லிக் கடந்துவிட்டார்கள். ஏறக்குறைய 93 லட்சம் மார்க் கைமாறியது.

1983 ஏப்ரல் 25 அன்று ஹாம்பர்க்கில் செய்தியாளர் கூட்டம். மே 6ஆம் தேதி ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகம் போலி என்று அறிவித்தது. தாளில் போருக்குப் பின்னர்தான் பயன்பாட்டுக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் இருந்தது. ஹிட்லரின் உரைகளைத் தொகுத்த ஒரு நூலிலிருந்து தகவல்களைப் பார்த்தெழுதிய குயாவ், அந்த நூலில் இருந்த பிழைகளையும் சேர்த்தே எழுதியிருந்தார். 1985இல் குயாவுக்கும் ஹைடமனுக்கும் சுமார் நான்கரை ஆண்டு சிறை. கூத்து அதோடு முடியவில்லை. வெளியே வந்த குயாவ், "அசல் குயாவ் போலி" என்று கையெழுத்துப் போட்டே ஓவிய நகல்களை விற்றார். அவர் 2000இல் காலமான பிறகு, அந்தப் போலிகளுக்கும் போலி வந்தது. அவருடைய உறவினர் ஒருவரே அதற்காகத் தண்டனை பெற்றார்.

இத்தனை பேர் எப்படி ஏமாந்தார்கள்? காப்பகம் செய்த தாள் சோதனை ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. முதல் நாளே முழுமையாகச் செய்திருக்கலாம். ரகசியம் வெளியே கசியக்கூடாது, போட்டிப் பத்திரிகைக்குத் தெரியக்கூடாது என்ற பதற்றத்தில் வெளியாளிடம் முழுதாகக் காட்டவில்லை. இன்று இணைய ஏலத்தில் "இன்னும் மூன்று நிமிடம், ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஓடும் கடிகாரம் செய்யும் வேலையும் இதுதான். கேட்டுத் தெளிவதற்கு நேரம் கொடுக்காதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

"ஜெர்மனியில் நடந்ததுதானே" என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் கேரளத்துக்கு வருவோம். மோன்சன் மாவுங்கல் என்பவர் தன்னிடம் மோசேயின் கோல் இருக்கிறது, திப்பு சுல்தானின் சிம்மாசனம் இருக்கிறது என்று காட்டிவந்தார். அவரைப் பற்றிக் காணொளிகள் வந்தன. கோடிக்கணக்கில் பணம் பெற்று ஏமாற்றினார் என்ற புகாரில் 2021 செப்டம்பரில் அவர் கைதானார். அந்தச் சிம்மாசனத்தையொட்டிக் காவல்துறை உயரதிகாரிகள் எடுத்துக்கொண்ட படமும் ஊரெல்லாம் சுற்றியது. படம் அசல், அதிகாரிகள் அசல், நாற்காலி? திப்புவின் உண்மையான சிம்மாசனம் என்ன ஆயிற்று என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கொள்ளைப் பங்கு பிரித்த பிரிட்டிஷ் படை அதிகாரிகள் அதைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். அதன் தங்கப் புலித்தலையும் ஹூமா என்ற கற்பனைப் பறவையின் உருவமும் பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் இருக்கின்றன. அதிலிருந்த சிறு புலித்தலைகளில் ஒன்று வேல்ஸில் போவிஸ் கோட்டையில் இருக்கிறது. உடைந்துபோன சிம்மாசனம் முழுசாக எங்கிருந்து வரும்? ஒரு நூலகத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் விடை கிடைத்திருக்கும். யாரும் உட்காரவில்லை. பெரிய மனிதர் பக்கத்தில் நிற்கும் படம் சான்றிதழாகிவிட்டது.

நம் சென்னைக்கும் ஒரு போர்ப் பொருள் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைக் குண்டுவீசிக் கலங்கடித்த எம்டன் கப்பல், அந்த ஆண்டே நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் வீழ்த்தப்பட்டது. சிதைந்த எம்டனிலிருந்து மெக்சிகோ வெள்ளி டாலர்கள் மீட்கப்பட்டன. அவற்றில் 1,000 நாணயங்களுக்கு மேலே கிரீடமும் பட்டையும் பொருத்தி, சிட்னி நகரத்து நகைக்கடை ஒன்று பதக்கமாக்கியது. கப்பல் பணியாளர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் விற்கப்பட்டது. சேகரிப்போர் உயிரை விடும் பொருள். ஆனால் யோசியுங்கள்: அதே வகை மெக்சிகோ டாலர் உலகச் சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. போலி செய்ய நினைப்பவர் கிரீடத்தையும் பட்டையையும் மட்டும் செய்தால் போதும். நாணயத்தை எத்தனை முறை சோதித்தாலும் அசல் என்றே விடை வரும். இதை வாங்குவதானால் நாணயத்தைச் சோதித்துப் பயனில்லை. யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஏலத்தில், எந்த ஆண்டில் கைமாறியது என்ற சங்கிலியைச் சோதிக்க வேண்டும்.

சரி, யார் ஏமாறுகிறார்கள்? முட்டாள்கள் அல்ல. பெரும்பாலும் படித்தவர்கள், பணம் உள்ளவர்கள், அந்தத் துறையில் நாலு புத்தகம் படித்தவர்கள். வீரத்தின் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறவர்கள். தாத்தா பர்மாவிலோ மெசபடோமியாவிலோ போரிட்டார் என்று கேட்டு வளர்ந்து, அவருடைய பதக்கம் தொலைந்துபோனதால் அதே போல் ஒன்றைத் தேடுகிறவர்கள். வியட்நாமில் விற்கும் அடையாள வில்லைகளை வாங்கி, இறந்த சிப்பாயின் குடும்பத்திடம் சேர்த்துவிடலாம் என்று நினைத்த நல்ல மனிதர்களும் உண்டு. அவற்றிலும் போலி மலிந்திருந்தது.

விற்பவருக்கு இந்த ஆசை நன்றாகத் தெரியும். "தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று எழுதுவார். அந்த வரி இரண்டு வேலை செய்கிறது. பொருள் குடும்பச் சொத்து என்று நம்பவைக்கிறது. போலி என்று தெரியவந்தால் தப்பிக்கவும் வழி வைக்கிறது. இந்தியாவில் இன்னொரு படி மேலே போய்விட்டார்கள். ராணுவ வீரர் என்று சொல்லி, சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பி, "மாற்றலாகிப் போகிறேன், சாமானை விற்கிறேன்" என்று முன்பணம் கறக்கும் மோசடி பற்றிக் காவல்துறை பலமுறை எச்சரித்துவிட்டது. அங்கே பொருளே கிடையாது. சீருடைதான் சான்று.

ஏமாந்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். வெட்கத்தால் வாயைத் திறக்கமாட்டார். அல்லது, அது அசல்தான் என்று எல்லோரோடும் வாதாடுவார். போட்ட பணம் அவரை அந்தப் போலிக்கு வக்கீலாக்கிவிடுகிறது. கடைசியில் வேறொருவர் தலையில் கட்டிவிடுவார். இரண்டாவது முறை விற்கும்போது அதற்கு ஒரு "முன்னாள் உரிமையாளர்" கிடைத்துவிடுகிறார். மூன்றாவது முறை ஒரு ஏலப் பட்டியலும் கிடைத்துவிடும். போலிக்கு வம்சாவளி இப்படித்தான் உருவாகிறது. அதை உருவாக்குவது போலிக்காரர் மட்டுமல்ல, ஏமாந்த நாமும்தான்.

ஆகவே நண்பர்களே, நடைமுறைக்கு நான்கு வார்த்தை. விற்பவர் தரும் சான்று எதையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். அவர் கை படாத இடத்திலிருந்து ஒரு சான்றாவது வேண்டும். பதக்கத்தின் விளிம்பில் பெயர் இருந்தால், அவர் போரில் இறந்தவராகச் சொல்லப்பட்டால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே தேடலாம். விளிம்பின் படமும் அளவும் எடையும் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். திருப்பி அனுப்ப வழியில்லாத விற்பனையில், எவ்வளவு மலிவானாலும், கை வைக்காதீர்கள். நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை. அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அன்றே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் நேரம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சேகரிப்பில் போலி என்று தெரிந்த பொருள் இருந்தால் அதை விற்காதீர்கள். "நகல்" என்று அழியாதபடி எழுதி இதுபோன்ற கூட்டங்களுக்குக் கொண்டுவாருங்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.